கண்ணாடியில் வசனம், காலடியில் ஓட்டை

போன சனிக்கிழமை காலை. இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசல் தெளிக்க வாளியோடு வெளியே வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முற்றத்தில் எங்கள் பழைய அம்பாசிடர் கார். அதன் முன்கண்ணாடி மேல் கவிழ்ந்தபடி எங்கள் வீட்டுக்காரர். கையில் சவரம் செய்கிற பிளேடு. கண்ணாடியில் ஒட்டியிருந்த வேத வசனத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்! மஞ்சள் எழுத்துகள் துணுக்குத் துணுக்காக பானட் மேல் உதிர்கின்றன.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? காலை ஜெபம் முடியாமல் ஒரு வாய் காபி குடிக்காத வீடு எங்களுடையது. கடைப் பூட்டைத் திறக்கும் முன் நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் கண்ணை மூடி நிற்கிற மனுஷர் அவர். அந்தக் கையிலா பிளேடு?

"ஏங்க! என்ன காரியம் செய்யுதீய? வசனத்தையா சுரண்டுதீய?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏளா எஸ்தர், ஒரு செம்பு வெந்நி கொண்டா. கோந்து விட மாட்டேங்கு."

வெந்நீர் கொடுத்தேனா, இல்லையா? அது பிறகு. முதலில் வண்டியின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வண்டி உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். ஏலத்தில் எடுத்த சந்தோஷத்தை இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். 'அக்கா, பாளையங்கோட்டை வந்தால் எங்களை ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போகணும்' என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! ஒருவருக்கும் நான் பதில் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதுதான் இந்த வாரம்.

அதற்கு முன் எங்கள் கோயில் ஏலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். பூசணிக்காய், வாழைத்தார், சேவல், வீட்டில் சுட்ட அதிரசம் என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். அங்கே யாரும் விலை பார்ப்பதில்லை. ஒரு தேங்காய், ஒரு மூட்டைத் தேங்காய் விலைக்குப் போகும். எடுத்தவர் அதை அப்படியே திரும்பக் கொடுத்துவிடுவார்... மறுபடியும் ஏலம்! போட்டிக்கு ஆள் இல்லாவிட்டாலும், மனசு நிறைந்து தான் கேட்ட விலைக்கு மேலே தானே கேட்பவர்கள் உண்டு. காணிக்கைதானே!

அங்கே போய் யாராவது சேவலின் காலைத் தூக்கி, 'இது நொண்டுமா?' என்று கேட்பார்களா? பூசணியைத் தட்டிப் பார்ப்பார்களா?

எங்கள் வீட்டுக்காரர் அந்த ஏலத்தில் பேர்போனவர். வண்ணார்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரு கைப்பிடி ஆணியைக்கூட நிறுக்காமல் கொடுக்கவும் மாட்டார், வாங்கவும் மாட்டார். கோயில் ஏலம் என்றால் மட்டும் ஆளே மாறிவிடுவார். அவர் பேர் ஞானராஜ். ஞானராஜ் வந்துவிட்டார் என்றால் ஏலம் போடுகிறவருக்குத் தொண்டை தானாகத் திறந்துவிடும்.

இப்படிப்பட்டவர் கார் ஏலத்துக்குப் போனால்?

பழைய கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து, பைபாஸ் பக்கம் ஒரு மைதானத்தில் அந்த ஏலத்தை நடத்தினார்கள். எங்கள் கல்யாணத்தன்று கோயிலிலிருந்து வீட்டுக்கு யாரோ இரவல் கொடுத்த அம்பாசிடரில்தான் வந்தோம். அன்றிலிருந்து அவருக்கு அந்த வண்டி மேல் ஒரு கண். இப்போது கல்யாண வீடுகளில் பழைய காரை வாடகைக்குக் கேட்கிறார்கள், ஆசைக்கு ஆசையும் ஆயிற்று, வருமானமும் ஆயிற்று என்று கணக்குப் போட்டார். கடையைப் பெரிதாக்கச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்தார்.

ஏலத்துக்கு முந்தின நாள் முழுக்க வண்டிகளைப் பார்க்க விட்டிருந்தார்கள். நாங்கள் போகவில்லை. அன்று நாத்தனார் வீட்டில் ஜெபக்கூட்டம்!

மறுநாள் போனால் ஒரே வேடிக்கை. நன்றாக உடுத்திய ஆட்கள் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து வண்டிகளின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். ஒருவர் காந்தத் துண்டு ஒன்றைக் கதவில் ஒட்டி ஒட்டி எடுக்கிறார். உள்ளே தகடு இருக்கிறதா, வெறும் பூச்சா என்று பார்ப்பதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல...

எங்கள் வீட்டுக்காரர் நேராக ஒரு க்ரீம் கலர் அம்பாசிடர் முன் போய் நின்றார். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. முன்கண்ணாடியில் மஞ்சள் எழுத்தில் வசனம். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், நம்ம ஆளுகளா?"

"ஆமா தம்பி. ஸ்ரீவைகுண்டம். பொன்னுத்துரைன்னு சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருந்தேன்."

"வண்டி எப்படி சார்?"

"நல்லா ஓடும்."

அவ்வளவுதான். பரீட்சை முடிந்தது! என்னை ஒரு வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், மண்ணென்றும் பாராமல் முழங்கால் போட்டு ஜெபித்தார். முழங்கால் போட்டவர் வண்டி பக்கமாகப் போட்டு, இன்னும் ஒரு முழம் குனிந்திருந்தால் அடிப்பக்கமும் தெரிந்திருக்கும். யார் குனிந்தது?

மைக்கில் ஓர் இளைஞர் ஏலம் போட்டார். "உள்ளது உள்ளபடி, நிக்கிற இடத்துல நிக்கிறபடி" என்று ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் சொன்னார். ஆராதனையில் 'ஆமென்' மாதிரி அது ஒரு வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து வந்த ஒரு வியாபாரி எதிராகக் கேட்டார். எங்கள் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவர் அவர். கொஞ்ச தூரம் வந்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டார். ஏலம் முடிந்த மாதிரிதான். அப்போது எங்கள் வீட்டுக்காரர் எழுந்து நின்று...

"இன்னொரு ஐயாயிரம்!"

மைக் இளைஞர் முழித்தார். "அண்ணாச்சி... கடைசியா கேட்டதே நீங்கதான்."

"இருக்கட்டும் தம்பி, சந்தோசமாத்தான் கேக்கேன்!"

மைதானமே சிரித்தது. அந்த இளைஞர் நல்ல பிள்ளை. ஐயாயிரத்தை எழுதாமல் விட்டுவிட்டார். மதுரை வியாபாரி மட்டும் தேடிவந்து கையைக் குலுக்கினார். "அண்ணே, உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுண்ணே."

நான் பெருமையில் பூரித்துப்போனேன். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரியச் சில ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் உடுத்திக்கொண்டு, வண்டியில் உறவுக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் புறப்பட்டோம். அவர் பிரேக் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நானும் காலால் ஒரு பிரேக் போடுவேன். உங்களிலும் பாதிப்பேர் அப்படித்தானே? வண்ணார்பேட்டை நெரிசலில் ஒரு பஸ் குறுக்கே வர, அவர் பிரேக்கை மிதித்தார். நானும் மிதித்தேன். அவர் பிரேக் பிடித்தது. என் கால்... போய்க்கொண்டே இருந்தது!

"ஐயோ, செருப்பு விழுந்துட்டு!"

"எங்கன விழுந்துச்சு?"

"ரோட்டுல!"

"கதவைத் திறந்தியா?"

"கதவைத் திறக்கல... தரை திறந்துட்டு!"

கால்மிதி மேட்டைத் தள்ளிப் பார்த்தால் கீழே தார் ரோடு தெரிகிறது. பின்னால் ஆரன் மேல் ஆரன். ஓர் ஆட்டோக்காரத் தம்பி என் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஜன்னலில் நீட்டிவிட்டு, மூடிய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா, இது எந்த வழியா விழுந்திச்சு?"

ஞானஸ்நானத்துக்குப் போகவில்லை. ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்குத் திரும்பினோம்.

மேட்டை எல்லாம் எடுத்தோம். பின் சீட்டைத் தூக்கினோம். அதற்கு அடியில், மூலை முடுக்கில், காய்ந்து படிந்திருந்தது பழுப்பு மண். விரலால் தொட்டால் கோதுமை மாவு போல வழுவழு. அதற்குள் நகக்கண் அளவுக்கு நத்தை ஓடுகள்.

யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மண்ணை எனக்குத் தெரியும். அந்தப் பெருவெள்ளம் வடிந்த பிறகு, என் அக்காள் வீட்டுச் சமையல்கட்டில் முழங்காலளவு அள்ளிக் கொட்டியவள் நான். தாமிரபரணிக் கரையில் அந்த வாரம் விளக்குமாறு பிடித்த எந்தக் கையும் அதை மறக்காது. எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் ஒரு வாரம் கழித்து பீரோவுக்குப் பின்னாலிருந்து மறுபடி வருமே, அதே வண்டல்!

வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. அதைக் கழுவி, வண்ணம் அடித்து, வசனமும் ஒட்டி விற்றிருக்கிறார் ஹெட்மாஸ்டர்.

"சபைக்காரர்! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லலியே எஸ்தர்!" எங்கள் வீட்டுக்காரர் நத்தை ஓட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோபத்தைவிட, அடிபட்ட பிள்ளையின் முகம்தான் அதில் இருந்தது.

ஏலம் போட்ட இளைஞருக்கு போன் போட்டார்.

"அண்ணாச்சி, சத்தியமா எங்களுக்குத் தெரியாது. சாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. கேட்டிருக்கணும்... தப்புதான். ஆனா உள்ளது உள்ளபடின்னு மைக்குல சொன்னேம்லா? முந்தின நாள் பூரா பாக்க விட்டோம்லா? மதுரைக்காரர் படுத்துப் பாத்துட்டுத்தான ஒதுங்குனாரு?"

முந்தின நாள் நாங்கள்தான் ஜெபக்கூட்டத்தில் இருந்தோமே!

மறுநாளே ஸ்ரீவைகுண்டம் போனோம். பஸ்ஸில்தான். வாழைத் தோட்டங்களைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்து வீடு. பாதிச் சுவர் புதிதாகப் பூசியிருந்தது. பூசாத பாதியில், ஜன்னலுக்குக் கீழே, கோடு கிழித்த மாதிரி வெள்ளம் நின்ற அடையாளம்.

சாரின் வீட்டம்மா காபி கொண்டுவந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் டம்ளரைத் தொடவில்லை.

"சார், வண்டி தண்ணில நின்னுதா?"

சார் டம்ளரை இவர் பக்கமாக நகர்த்தி வைத்தார். "வண்டி ஓடுதுல்லா தம்பி?"

"ஓடுது சார். கூடவே இவ காலும் ரோட்டுல ஓடுது!"

"நீங்க வண்டி எப்படின்னு கேட்டீய. ஓடும்னு சொன்னேன். நான் பொய் சொல்லல."

வாசற்படியில் நின்ற அம்மா மெல்லச் சொன்னார்கள். "பொய் சொல்லல. மெய்யையும் சொல்லலையே."

சார் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பேசினார். ஒரு வகுப்பையே அடக்குகிற குரலாக இருந்திருக்கும். அன்று பக்கத்தில் இருந்த எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

"வெள்ளம் வடிஞ்சதும் பழைய இரும்புக்காரங்க தெருத் தெருவா வந்தாங்க தம்பி. பிரிட்ஜு, கட்டில், தையல் மிசினு... எல்லாத்தையும் தராசுல வச்சுத்தான் பாத்தாங்க. நம்ம வண்டி முன்னாலயும் வந்து நின்னாங்க. எம் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போன வண்டி. தண்ணில நின்னதுன்னு சொன்னா, வண்டி எப்படின்னு யாரு கேக்கா? எடை என்னன்னுதான கேக்காங்க. யாரு கையிலயாவது ஓடட்டும்னு நெனச்சேன். ஏலத்தன்னைக்கு மைக்கை வாங்கிச் சொல்லிருவோம்னு எந்திரிச்சேன். நீங்க ஐயாயிரம் கூடக் கேட்டு எல்லாரும் சிரிச்சாங்கள்லா... உங்க முகத்தப் பாத்தேன். உக்காந்துட்டேன்."

வாய்க்காலில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"வண்டியைக் கொண்டாந்து விட்டுருங்க தம்பி. பணம் சுவத்துல போயிருக்கு. பைய பையத் தந்துருதேன்."

எங்கள் வீட்டுக்காரர் புதுப் பூச்சைப் பார்த்தார். மீதிப் பாதியைப் பார்த்தார். டம்ளரை எடுத்து ஆறிப்போன காபியைக் குடித்தார். "வாரோம் சார்" என்று எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது சொன்னார்: "அவர்ட்ட திருப்பி வாங்குனா நமக்குச் சோறு இறங்குமா?"

இறங்காதுதான். ஆனால் போட்ட காசு? கடைக்கு வைத்திருந்தது அல்லவா? அங்கேதான் சோதனை ஆரம்பித்தது.

அந்த வாரமே கடையிலிருந்து ஒரு பிளைவுட் பலகையை அளவெடுத்து வெட்டிக்கொண்டு வந்தார். ஓட்டை மேல் வைத்தார். அதன் மேல் மேட்டை விரித்தார். பின் சீட்டுப் பக்கமும் தரை இற்றிருந்தது. அங்கேயும் ஒரு பலகை.

"யாராவது கேட்டா குடுத்துருவோம்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். "உள்ளது உள்ளபடிதான்."

நல்ல மனுஷர்கள் கெட்ட காரியம் செய்யும்போது எவ்வளவு சுத்தமாகச் செய்கிறார்கள், பார்த்தீர்களா? பலகை ஓரத்தை உப்புத்தாள் போட்டுக்கூடத் தேய்த்திருந்தார்!

சொன்னபடி ஆளும் வந்துவிட்டார். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம். தூத்துக்குடியில் பேக்கரி வைத்திருக்கிற ராஜன். மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள் என்று குடும்பத்தோடு. ஒரு டப்பா மக்ரூன்கூடக் கொண்டுவந்திருந்தார்கள். வண்டியைச் சுற்றி வந்தவர் முன்கண்ணாடியைப் பார்த்ததும் நின்றார். முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி, நம்ம ஆளுகளா! அப்ப குனிஞ்சு பாக்க ஒண்ணுமில்ல."

சமையல்கட்டு ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் குரலை இதற்கு முன்னால் கேட்டிருக்கிறேனே... எங்கள் வீட்டுக்காரர் குரல்தான் அது. ஆள்தான் வேறு.

அதற்குள் சின்னப் பிள்ளைகள் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டார்கள். சீட்டில் ஏறி, கீழே குதித்து, மறுபடி ஏறி, மறுபடி குதித்து... டம், டம்!

"அப்பா, இங்கன குதிச்சா மேளம் மாதிரி சத்தம் கேக்கு!"

பலகை.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் இரத்தமே இல்லை. "பிள்ளைகளை இறக்குங்க... பைய, பைய இறக்குங்க" என்று அவரே ஓடிப்போய் இரண்டையும் தூக்கி வெளியே விட்டார். ராஜன் அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கை வைத்தார்.

"இன்னைக்கு வேண்டாம். நாளைக்குக் காலைல வாங்க. வெளிச்சத்துல பாருங்க."

"எதுக்கு அண்ணாச்சி? எனக்குத் திருப்திதான்."

"எனக்குத் திருப்தி இல்ல. வாங்க, சொல்லுதேன்."

அவர்கள் பக்கத்திலேயே ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள். அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் எங்கள் வீட்டுக்காரர், "ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஆமென்" என்றார். நடுவில் இருந்ததெல்லாம் கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும். பிறகு ஸ்ரீவைகுண்டத்துக்கு போன் போட்டார். "சார், நாளைக்கு நீங்களும் வரணும். தண்ணி எம்புட்டு உசரம் நின்னுதுன்னு உங்களுக்குத்தான தெரியும்?"

மறுநாள் காலைதான் பிளேடு.

"வசனம் உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டேன்.

சுரண்டுவதை நிறுத்திவிட்டு முதல்முறையாகத் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"வாரவன் இதைப் பாத்துட்டு அதோட நின்னுருதான் எஸ்தர். கீழ குனிய மாட்டேங்கான். நானும் அப்படித்தான நின்னேன்? ஆண்டவர் பேரைச் சொல்லி ஓட்டையை மூடக் கூடாது."

உள்ளே போய் வெந்நீர் கொண்டுவந்தேன். ஒரு செம்பு போதாதென்று ஒரு வாளி!

பொன்னுத்துரை சார் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ராஜன் குடும்பமும் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு சாக்கைத் தரையில் விரித்து, டார்ச்சை ராஜன் கையில் கொடுத்தார்.

"படுங்க."

"அண்ணாச்சி, வெள்ளைச் சட்டை..."

"கழத்திட்டுப் படுங்க. நான் போட்ட சட்டையோட வாங்கித்தான் இந்தப் பாடு."

மேட்டை எடுத்தார். பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து முற்றத்தில் வைத்தார். அப்போது சார் முன்னால் வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வண்டிக் கதவின் மேல், கண்ணாடி தொடங்குகிற இடத்தில் கையை வைத்தார்.

"இங்கன வரைக்கும் நின்னுது தம்பி. ரெண்டு ராத்திரி. நானும் எங்க வீட்ல உள்ளவங்களும் மாடியில இருந்து பாத்துக்கிட்டே இருந்தோம். இதை இவர்ட்ட நான் சொல்லல. இப்ப உங்கள்ட்ட சொல்லுதேன்."

எங்கள் வீட்டுக்காரர் போய் சார் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ராஜன் வெகுநேரம் அடியில் கிடந்தார். எழுந்தபோது தலைமுடியெல்லாம் துருத் தூள். முற்றத்தில் கிடந்த பலகையைப் பார்த்தார்.

"நேத்து எம் பிள்ளைக இது மேலயா குதிச்சுது?"

"ஆமா."

அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் குறுக்கே போயிருக்க மாட்டேன். அவர் மனைவிதான் பேசினாள். "நேத்தே சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி?"

"சொல்லிருக்கணும்மா."

ராஜன் சாக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார். காபி கொடுத்தேன். குடித்து முடித்துத்தான் வாயைத் திறந்தார். "இப்ப வாங்க மாட்டேன் அண்ணாச்சி. தரை பூரா மாத்துங்க. மாத்திட்டுக் கூப்பிடுங்க. திரும்ப வந்து படுத்துப் பாப்பேன்... தப்பா எடுத்துக்கிடக் கூடாது."

"தப்பா எடுக்க என்ன இருக்கு? சாக்கு இங்கனயே கிடக்கும்!"

பிள்ளைகள் இரண்டும் வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, ஏறக் கூடாது என்று சொன்னதால் வண்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

அவர்கள் போன பிறகு முற்றத்தில் ஒரு சண்டை. 'தகடுச் செலவு என்னோடது' என்று சார். 'இரும்புக்கடைக்காரன் வீட்டு வண்டிக்கு வெளியாள் தகடு போடுததா?' என்று இவர். கடைசியில் தகடு இவருடையது, வெல்டிங் கூலி சாருடையது என்று சமாதானம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே தட்டில் இருந்து மக்ரூன் எடுத்துத் தின்றார்கள். கோயிலில் திருவிருந்துப் பந்திக்குப் போகும் முன் மனஸ்தாபம் தீர்த்துவிட்டு வா என்பார்களே... அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஏலம் நடத்திய இளைஞரும் விஷயம் கேட்டு போன் செய்தார். இனிமேல் விற்க வருகிற ஒவ்வொருவரிடமும், 'வண்டி தண்ணில நின்னுதா?' என்று எல்லார் முன்னிலையிலும் மைக்கிலேயே கேட்கப்போகிறாராம். நல்லது.

அதிகம் படித்தவள் இல்லை நான். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. விற்பவர் கேட்காமலே சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாங்குபவர் பங்கு? குனிந்து பார்த்தால் விற்பவர் மனசு புண்படும் என்று நினைத்தோமே... அன்று எங்கள் வீட்டுக்காரர் குனிந்து பார்த்து, 'சார், இது என்ன துரு?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்தப் பெரியவர் நெஞ்சில் அத்தனை நாள் அந்தப் பாரம் இருந்திருக்காதே? ஒரு நல்ல மனுஷரைச் சோதனையிலிருந்து காப்பாற்ற எங்கள் கையில் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்காமல், சந்தோஷத்தில் ஐயாயிரம் கூடக் கேட்டோம்!

வண்டி இப்போது தரையில்லாமல் முற்றத்தில் நிற்கிறது. சனிக்கிழமைதோறும் சார் வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். சுற்றிக் காட்டச் சொல்லி எழுதியவர்களே, கொஞ்சம் பொறுங்கள்.

சுரண்டிய வசனத்துக்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். திங்கட்கிழமையே அதே வசனம், அதே மஞ்சள் எழுத்தில் புதிதாக வாங்கி ஒட்டிவிட்டார். வண்டியில் இல்லை, கடையில். கல்லாவின் உள்பக்கம், வாங்க வருகிறவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்... விற்கிறவர் கண்ணுக்கு நேராக!